உன் அக்காவின் கார்

ஜனவரி 11

மைத்துனருக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. போனில் நான் கத்துகிறேன், அதனால் இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று உன் அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறாய். சரி. காகிதத்தில் கத்த முடியாது என்பது அவள் நினைப்பு. கல்லூரி நிர்வாகத்துக்கு நான் எழுதிய கடிதங்களை அவள் படித்ததில்லை.

கார் அவள் பெயரில் இருக்கிறது. மார்ச்சில் அவளுக்குப் புது வேலை. நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்க் கைகால் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்குக் கார் வேண்டும். எல்லாம் புரிகிறது. கொடுக்க மாட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அவள் கிளம்பிப் போன நாளிலிருந்து அது வாசல் மரத்தடியில்தான் நிற்கிறது. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைக்கிறேன், அவ்வளவுதான். மேலெல்லாம் பிசின், பறவை எச்சம், தூசி. இப்படியே அனுப்பினால் உன் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். "பாரு, வச்சிருந்த லட்சணத்தை." அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுப்பதாக இல்லை. சுத்தம் செய்துதான் கொடுப்பேன்.

வெளியே கொடுக்கவும் மனமில்லை. ஒரே அழுக்குத் துணியால் ஊரிலுள்ள கார்களையெல்லாம் துடைக்கிறார்கள். வீட்டிலேயே நான் செய்துகொள்கிறேன். என்னென்ன வாங்க வேண்டும், எதில் தொடங்க வேண்டும் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமையானால் காரைக் கட்டிக்கொண்டு கிடப்பவன் நீ. அதற்காக நான் உனக்கு வைத்திருக்கும் பெயர் உன் காதுக்கு வந்துவிட்டது என்று தெரியும். கொண்டுவந்தது யார் என்றும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்
(அந்த உறவு இன்னும் நடப்பில் இருந்தால்)

*

ஜனவரி 24

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? இதை நானாகத்தான் கேட்கிறேன்.

'பாலீஷ் மன்னன்' என்ற பெயர் எனக்குப் பிடித்தே இருக்கிறது. இன்சூரன்ஸ் ஆபீஸில் என்னைக் கூப்பிடும் பெயரை எழுத முடியாது. அதற்கு இது எவ்வளவோ மேல்.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துடைப்பதற்கென்றே விற்கும் துணிக் கையுறை ஒன்று வாங்குங்கள். துடைத்த கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த மண்ணையே திருப்பிப் பூசிக்கொண்டிருப்பீர்கள். பாத்திரம் துலக்கும் சோப்பு கூடவே கூடாது. துணி என்றால் மைக்ரோஃபைபர் மட்டும். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள், அதுவே கீறும். கீழே விழுந்த துணியைத் திரும்பத் தொடாதீர்கள்.

கழுவி முடித்ததும் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது கைக்குச் சொரசொரவென்று இருக்கும். அதற்கென்று களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள். வழுக்குவதற்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு மெதுவாக உருட்டினால் அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு மெழுகு. தேய்க்கிற மெஷினெல்லாம் வேண்டாம். எதை எடுத்தாலும் இருப்பதிலேயே மென்மையானதில் தொடங்குங்கள். போதாவிட்டால் மட்டும் அடுத்தது.

உண்மையில் இவ்வளவுகூடத் தேவையில்லை, அத்தான். மார்ச்சுக்கு முன்னால் வந்தால் போதும். அக்காவும் அதைத்தான் சொன்னாள். சரி, அதை விடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மைத்துனன்

*

பிப்ரவரி 8

மைத்துனருக்கு,

நலமே. மாத்திரையைப் பற்றி 'நானாகத்தான்' கேட்டதற்கு நன்றி.

கடைக்குப் போனேன். சுவர் முழுதும் பாட்டில்கள். கடைக்காரர், "என்ன வண்டி சார்?" என்றார். சொன்னேன்.

"அதுக்கா இவ்வளவு நேரம் பார்க்குறீங்க? வண்டி வீட்டம்மாதா?"

"எப்படித் தெரியும்?"

"சொந்த வண்டிக்கு வர்றவங்க விலையைக் கேட்டு அலறுவாங்க. நீங்க பரீட்சை பேப்பர் மாதிரி லேபிளையே படிச்சிட்டு நிக்கிறீங்க."

இருபது வருடம் வேதியியல் நடத்தியவன் லேபிளைப் படிக்காமல் வேறு என்ன செய்வான்? 'தூய மெழுகு' என்று எழுதியிருந்த பாட்டிலில் மெழுகு என்று எதுவுமே கிடையாது. எங்கள் துறைத்தலைவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவனும் அந்த ரகம்தான். மேலே லேபிள் பிரமாதம். அவனுடைய ஆய்வேட்டுக்குப் பிழை திருத்திக் கொடுத்தவன் நான். நாற்காலி மட்டும் அவனுக்கு.

கழுவினேன். களிக்கட்டியும் போட்டேன். வெள்ளையாக இருந்த கட்டி கடைசியில் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. பிளாஸ்டிக் பையோடு கூரையைத் தடவினால் கை நிற்காமல் வழுக்குகிறது. அந்த வரையில் நீ சொன்னது சரி. உள்ளேயும் தூசி உறிஞ்சியாயிற்று. உள்ளே இருந்த உன் அக்காவின் சாமான்களைத் தனியே ஒரு பையில் போட்டிருக்கிறேன். விவரம் தேவையில்லை.

வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல்கள். மெழுகு அதை மறைக்கும், எடுக்காது. மறைத்துக் கொடுப்பது என் பழக்கம் இல்லை. நீ வேண்டாம் என்ற மெஷினை வாங்கிவிட்டேன். மென்மையானதில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போக எனக்குப் பொறுமையும் இல்லை. கீறலைச் சுரண்டி எடுக்கிற பசையில் இருப்பதிலேயே அழுத்தமான காம்பவுண்டும் வாங்கியிருக்கிறேன். எப்படி ஓட்டுவது என்று எழுது. மார்ச் முதல் வாரத்துக்குள் முடியாது, மார்ச் முடியட்டும்.

அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன சார், வண்டிக்குக் கல்யாணமா?" என்று கேட்கிறார். அதற்குச் சொல்லத் தகுந்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது. சொல்லவில்லை.

அத்தான்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். எனக்கு மட்டும் சளி. உங்களுக்கு?

மெஷினை வாங்கியே விட்டீர்கள், இனி வாங்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. அந்தக் காம்பவுண்டையாவது திறக்காமல் வையுங்கள். பாலீஷ் மட்டும் போதும். மெஷினுக்கு மென்மையான ஃபோம் பேட் போடுங்கள். ஒரு முழம் இடத்தை எடுத்துக்கொண்டு, குறைந்த வேகத்தில், அழுத்தாமல், அது தன் பாட்டுக்குச் சுற்றட்டும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அங்கே பெயிண்ட் மெலிதாக இருக்கும். ஓரத்தில் மெஷினை நிறுத்தினால் போயே போய்விடும்.

இப்படிச் செய்யலாமா: மார்ச் முதல் வாரம் நானே பஸ்ஸில் வந்து காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். மிச்சத்தை இங்கே நான் செய்துகொள்கிறேன். நமக்கும் உட்கார்ந்து பேசி ரொம்ப நாளாயிற்று.

என்றும் அன்புடன்,
மைத்துனன்

*

மார்ச் 2

மைத்துனருக்கு,

நலம். சளிக்கு ஆவி பிடி.

வர வேண்டாம். அரைகுறையாக எடுத்துப்போக அது என்ன தையற்கடைத் துணியா? வந்தாலும் சாவி தர மாட்டேன்.

முன்விளக்குகள் இரண்டும் மஞ்சள் பூத்துக் கிடக்கின்றன. அதை இப்போதுதான் கவனித்தேன். இந்த விளக்கோடு அவள் இருட்டில் எப்படித் திரும்பி வருவாள்? அதைத் தெளியவைக்க என்ன வாங்க வேண்டும்? எழுது.

வேலை மார்ச்சில் என்கிறாய், எந்தத் தேதியில் என்று எழுதவே இல்லை.

அத்தான்

*

ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் நலம். அக்கா காலையில் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவதால் வீட்டு வேலையெல்லாம் இப்போது என் தலையில் விடிகிறது.

சொல்லாதே என்று சொல்லியிருந்தாள். எழுதிவிட்டேன். கோடு போட்டு அடித்தாலும் நீங்கள் அந்த வரியைத்தான் முதலில் படிப்பீர்கள், இருக்கட்டும். போன மாதத்திலிருந்தே வேலைக்குப் போகிறாள். இரண்டு பஸ் மாற வேண்டும். தோளில் அந்தச் சிகிச்சை மெஷின் பை. நான்தான் அவளிடம், "அத்தானுக்கு நீயே ரெண்டு வரி எழுதேன், உடனே அனுப்பிடுவார்" என்றேன். அவள் சொன்னது இது:

"கேட்டெல்லாம் வாங்கக் கூடாதுடா. அவர் இன்னும் பேப்பர் திருத்தி முடிக்கல. நூத்துக்கு நூறு வந்தாத்தான் கொடுப்பார். அதுக்குள்ள நான் பஸ்ல எல்லா கண்டக்டருக்கும் சொந்தக்காரி ஆயிடுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததால்தான் எழுதுகிறேன்.

விளக்குக்கு: சுற்றி டேப் ஒட்டிவிட்டு, நீர்க் காகிதம் என்று கேளுங்கள், நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்தான், சொரசொரப்பிலிருந்து வழுவழுப்பு வரை மூன்று ரகம். ஈரம் வைத்தே தேய்க்க வேண்டும். முதலில் இன்னும் மங்கலாகும், பயந்துவிடாதீர்கள். பிறகு பாலீஷ். கடைசியில் வெயில் தாங்கும் பூச்சு ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும்.

அத்தான், விளக்கோடு நிறுத்திக்கொள்ளலாமே.

மைத்துனன்

*

ஏப்ரல் 14

மைத்துனருக்கு,

நலம். நலத்துக்கு என்ன குறை.

ஆக, கார் இல்லாமலும் முடிகிறது. நல்லது. ஜனவரியில் நீ எழுதியதைப் பார்த்தால் கார் இல்லாவிட்டால் வேலையே போய்விடும் போலிருந்தது. இங்கே நான் மட்டும்தான் தேதிக்குள் முடிக்க வேண்டுமென்று முட்டி தேய உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. என்னிடம் எதையும் கடைசியில் சொல்வது உங்கள் குடும்பத்துக்கே கைவந்த கலை. இந்த வீட்டை விட்டுப் போவதையும் அவள் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சொன்னாள். நான் அப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். நான் கையிலிருந்த தாளை முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

நூற்றுக்கு நூறு நான் யாருக்கும் போட்டது கிடையாது. அதையும் சொல்.

விளக்குகள் தெளிந்துவிட்டன. நீ சொன்னபடியே முதலில் மங்கி, பிறகு தெளிந்தன. சக்கரங்களைக் கழற்றி உள்பக்கமும் கழுவினேன். ஏசி துவாரங்களுக்குப் படம் வரைகிற தூரிகை. கதவு ரப்பர்களுக்கு ஒரு திரவம். பாதிப் பானெட் முடிந்தது. பாலீஷ் போதவில்லை, காம்பவுண்டைத் திறந்தேன். பாதி கண்ணாடியாக இருக்கிறது, பாதி பழையபடி இருக்கிறது. இந்த நிலையில் எந்தக் காரையும் யாருக்கும் அனுப்ப முடியாது. அவசரமும் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

கல்லூரியில் விடுமுறை விட்டாயிற்று. பேச வேண்டிய ஆட்கள் இல்லை என்பதால் வேலை நன்றாக ஓடுகிறது. காலையில் மெஷினைப் போட்டால் அந்தச் சத்தத்தில் மத்தியானம் வந்துவிடுகிறது.

அத்தான்

*

ஏப்ரல் 29

மைத்துனருக்கு,

நலம். அங்கே நலமா?

அடுத்த வீட்டுக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். தன் கார் பானெட்டின் ஓரத்தில், ஒரு கீறல் போகவில்லையே என்று மெஷினைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாராம். டேப் ஒட்டியிருந்ததை, அதன் அடியில்தான் கீறல் இருந்தது என்பதால், எடுத்துவிட்டாராம். இப்போது கட்டைவிரல் அகலத்துக்கு நிறம் போய்ச் சாம்பலாகத் தெரிகிறது. அதற்கு என்ன பொருள் வாங்க வேண்டும்? அவருக்காகக் கேட்கிறேன்.

அத்தான்

*

மே 9

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதை மட்டும் இந்தத் தடவை ஒளிக்காமல் எழுதுங்கள்.

அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: அதற்குப் பொருள் கிடையாது. மேல்பூச்சு போய், நிறமும் போய், அடிப்பூச்சு தெரிகிறது. இனி எதைப் போட்டுத் தேய்த்தாலும் இன்னும் போகுமே தவிர வராது. சின்ன தூரிகையால் அதே நிறத்தைத் தொட்டு வைக்கலாம். பக்கத்தில் போனால் தெரியும். தெரிந்தால் என்ன? எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு காரை நன்றாக வைத்துக்கொள்ளத் தெரிவது என்றால் பாதி, கையை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிவதுதான். அவர் மேல் யாருக்கும் கோபமில்லை என்றும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அக்கா கையில் இருக்கிறது. படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"ஏன்டா, அந்த அடுத்த வீட்டுக்காரர் எப்போ கார் வாங்கினார்? சைக்கிள்தானே வச்சிருந்தார்?"

 வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. நேற்று முழங்கால் வரை நனைந்து வந்தாள். ஒரு நோயாளியை விட்டுவிட வேண்டி வரலாம் என்கிறாள், அந்த வீட்டுக்குப் பஸ்ஸே கிடையாது. வயதானவர், இப்போதுதான் எழுந்து நிற்கப் பழகியிருக்கிறார். அவள் கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன். கார் ஓடினால் போதும், அத்தான். எந்தக் கோலத்தில் இருந்தாலும் சரி.

உங்கள் மைத்துனன்

*

ஜூன் 3

மைத்துனருக்கு,

நலம். சாப்பிடுகிறேன்.

உன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்திருப்பாய். சாவி கடிதப் பெட்டிக்குள் துணியில் சுற்றியிருக்கிறது. அவள் சாமான் பை பின்சீட்டில். டயர்களில் காற்று சரியாக இருக்கிறது. வைப்பர் கீச்சிடுவது ரப்பரின் கோளாறு, மாற்றினால் போய்விடும். பெட்ரோல் நிரப்பியிருக்கிறேன்.

புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. உங்கள் ஊருக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு லாரி பக்கவாட்டிலிருந்து பானெட் வரை சேற்றை மொத்தமாக வாரி இறைத்துவிட்டுப் போனது. நிறுத்தித் துடைக்கலாமா என்று நினைத்தேன். கையில் துணி இருந்தது. துடைக்கவில்லை. பாதியும் பாதியும் இப்போது ஒரே மாதிரி இருக்கின்றன. பானெட் ஓரமும் தெரியாது.

மணி அடிக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன். எதிர்ப்பக்கக் கடை வாசலில் மழை விடட்டும் என்று சிறிது நின்றுவிட்டுப் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து உன் வீட்டுக்கு அவ்வளவு மேடு ஏற வேண்டும் என்று நீ எழுதவில்லை. பையோடு ஏறுகிறவள் நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, கடை வாசலிலிருந்தே தெரிகிறது. ஒரே தோளில் பாரம் மாட்டக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்தான்.

அத்தான்

*

ஜூன் 12

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நனைந்துகொண்டு திரும்பியிருப்பீர்கள். காய்ச்சல் ஏதும் இல்லையே?

ஒரு மணி அடித்திருக்கலாம். நான் உள்ளேதான் இருந்தேன்.

அவள்தான் முதலில் பார்த்தாள். குடையைக்கூட மடக்காமல் காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். சேறு கதவின் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. நான் ஓடிவந்து, "ஜனவரியிலேர்ந்து தேய்ச்சார்க்கா" என்றேன்.

"எங்கடா தேய்ச்சார்?"

"சேத்துக்கு உள்ள இருக்கு."

கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுக்கக் கையைக் கீழே விட்டாள். இழுக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. இரண்டும் அவள் உயரத்துக்கே இருந்தன. நீங்கள் அத்தனை தூரம் முட்டியை ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டா ஓட்டி வந்தீர்கள், அல்லது இறங்கும் முன் சரிசெய்தீர்களா என்று தெரியவில்லை.  அவள் இறங்கி உள்ளே போய் முகம் கழுவினாள்.

மறுநாள், "இரு, ஒரு வாளித் தண்ணி ஊத்தித் தர்றேன்" என்றேன். "நேரமில்லடா, பெரியவர் காத்திட்டிருப்பார்" என்று அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது. சேறு காய்ந்து ஏடாக நிற்கிறது. நான் கை வைக்கவில்லை. நான் கை வைக்காமல் இருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? வரும் ஞாயிற்றுக்கிழமை அவளே துடைக்கப் போவதாகச் சொல்கிறாள்.

வேறு ஏதும் சொல்லச் சொல்லவில்லை. சொன்னால் எழுதுகிறேன்.

மைத்துனன்

*

ஜூன் 16

மைத்துனருக்கு,

காய்ச்சல் இல்லை. அங்கே எல்லோரும் நலமாக இருக்கட்டும்.

மெஷினும் மிச்சப் பாட்டில்களும் இங்கே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன். மரத்தடி காலியாக இருப்பதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர், "வண்டி எங்கே சார்?" என்றார். "வேலைக்குப் போயிருக்கிறது" என்றேன்.

காய்ந்த சேற்றின் மேல் துணியை வைக்கக் கூடாது. வைத்தால் இழுத்த இடமெல்லாம் கோடு விழும். முதலில் மேலிருந்து வெறும் தண்ணீரை விட்டு, அது ஊறித் தானாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தக் கடிதம் வந்து சேர்ந்தால் அவளிடம் சொல். நீ சொன்னதாகவே இருக்கட்டும்.

அத்தான்